ஆக்சிஜன் நாங்க எழுதித் தர்றோம், கரண்ட்டை யாரு எழுதித் தர்றது?

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ரெண்டு நாளா டைம்லைன்ல ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் சோலார் போய்ச் சேரணும்னு வேலை பாக்குற தொண்டு நிறுவனங்களைப் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தாரு. கீழ வந்த பதில்ல பாதி ஒரே ராகம். "கரண்ட்டே ஓசில வாங்குறவனுக்கு எதுக்குய்யா சோலார்?", "என்ஜிஓன்னாலே ஃபாரின் காசு", "முதல்ல சோத்துக்கு வழி பண்ணச் சொல்லுங்க". அப்படி எழுதினதுல ரெண்டு பேரு டாக்டருங்க. மத்தவங்க சொன்னா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்பேன். நம்ம ஆளுங்களே சொல்றாங்கங்கிறதாலதான் இந்த த்ரெட்.

நான் அரசு மருத்துவமனையில வேலை பாக்குற எம்பிபிஎஸ் டாக்டர். சோலார் இன்ஜினியர் கிடையாது. எந்தக் கம்பெனிக்கும், எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் ஏஜென்ட்டும் கிடையாது. ஆனா நாங்க எழுதிக் கொடுக்கிற மருந்துச் சீட்டுல பாதி, வீட்டுல கரண்ட் இருக்குன்னு நம்பித்தான் எழுதுறோம். அதைப் பத்திப் பேசுற தகுதி எனக்கு இருக்குன்னு நினைக்கிறேன்.

ஒரு கணக்கு சொல்றேன், கூடவே போட்டுப் பாருங்க.

எங்க வார்டுல வருஷம் முழுக்க ஒரு வகை நோயாளிங்க இருப்பாங்க. அறுபது வயசுக்கு மேல, பெண்கள். பீடி சிகரெட்டைக் கையால தொட்டிருக்க மாட்டாங்க. ஆனா நுரையீரல் முப்பது வருஷம் செயின் ஸ்மோக்கரா இருந்த ஆளோட நுரையீரல் மாதிரி இருக்கும். காரணம் விறகடுப்பு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஊதாங்குழலை வச்சு ஊதி ஊதிப் புகையைத்தான் சுவாசிச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள வர்ற அடுப்புப் புகையால 2020-ம் வருஷத்துல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அதுல நம்ம ஊர் ஆயாக்களும் உண்டு.

இப்படி வர்றவங்கள்ல சிலருக்கு, மருந்தெல்லாம் கொடுத்து சரியான பிறகும், விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் 88-ஐத் தாண்டாது. ஏபிஜி எடுத்துப் பாத்து உறுதி பண்ணிட்டு, டிஸ்சார்ஜ் பண்ணும்போது நாங்க எழுதுறது: வீட்டில் ஆக்சிஜன், தினமும் குறைந்தது 15 மணி நேரம். இது சும்மா ஆறுதலுக்கு எழுதுறது இல்ல. 1980, 81-ல வந்த ரெண்டு பெரிய ஆய்வுகள்ல இருந்தே தெரியும், இந்த நோயாளிங்களுக்கு வீட்டு ஆக்சிஜன் ஆயுளை நீட்டிக்கும். ஆனா நாள்ல 15 மணி நேரமாவது போடணும். மூச்சு வாங்கும்போது மட்டும் அரை மணி நேரம் போட்டா அந்தப் பலன் வராது.

சரி, மெஷின் எங்கயோ புடிச்சு வாங்கிட்டாங்கன்னு வச்சுக்குவோம். கோவிட் சமயத்துல தானமா வந்த கான்சென்ட்ரேட்டர்கள் இப்பவும் ஊருக்குள்ள சுத்திட்டு இருக்கு. 5 லிட்டர் மெஷின் சுமார் 300 வாட்ஸ் இழுக்கும். 15 மணி நேரம் ஓடினா நாலரை யூனிட். ரெண்டு மாசத்துக்கு 270 யூனிட். ஃபேன் இல்ல, லைட் இல்ல, டிவி இல்ல. ஒரே ஒரு ஆள் மூச்சு விடுறதுக்கு மட்டும் 270.

"அதான் நூறு யூனிட் ஃப்ரீயாச்சே"ன்னு அடுத்த வரி ரெடியா இருக்கும். தெரியும். 2016-ல இருந்து ரெண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம்னு வந்தது, நல்ல விஷயம்தான். ஆனா அது யாருக்கு? மீட்டர் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற டவுன் நோயாளிங்கள்ல பெரும் பகுதி வாடகை வீடு. ஒரு காம்பவுண்டுல நாலு போர்ஷன், எல்லாத்துக்கும் சேத்து ஒரே மெயின் மீட்டர், ஆளுக்கொரு சப் மீட்டர். யூனிட் என்ன ரேட்டுன்னு நான் கேட்டவங்க சொன்னது 8 ரூபா, 9 ரூபா, சிலர் 10. முதல் யூனிட்ல இருந்தே அந்த ரேட்தான். சொந்த மீட்டர் வச்சிருக்கிறவர் ரெண்டு மாசத்துல 200 யூனிட் ஓட்டினா இருநூத்திச் சொச்சம் கட்டுவாரு. அதே 200 யூனிட்டுக்கு இந்தக் காம்பவுண்டுல குடியிருக்கிற சித்தாள் 1,800 ரூபா கொடுப்பாங்க.

இதுல வீட்டுக்காரரை மட்டும் திட்டிட்டுப் போறதும் நியாயம் இல்ல. நாலு குடும்பம் ஒரே மீட்டர்ல ஓட்டினா, மொத்தம் 600 யூனிட்டைத் தாண்டி மேல் ஸ்லாப்ல போய் விழும், அவருக்கும் பில்லு எகிறும். லாபம் பாக்குறவங்களும் இருக்காங்க, கைக்காசு போடாம சமாளிக்கிறவங்களும் இருக்காங்க. என் பிரச்சினை ஆளுங்க மேல இல்ல. இலவச மின்சாரத்தை ஏழைங்களுக்குக் கொடுத்துட்டோம்னு நம்ம நினைச்சுட்டு இருக்கோம், அது வாசல் வரைக்கும் வந்து மெயின் மீட்டரோட நின்னுடுதுங்கிறதுதான்.

270 யூனிட், 9 ரூபா. 2,430. விதவை ஓய்வூதியத்துல வாழுற ஒரு ஆயாவோட மகன் டிஸ்சார்ஜ் அன்னிக்கு என்கிட்ட கேட்டாரு: "சார், 15 மணி நேரம் வேண்டாம், ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் போட்டா போதுமா?" டோஸைக் குறைக்கச் சொல்லிக் கேக்குறாரு. ஆன்டிபயாடிக் காசில்லாம பாதியில நிறுத்தினா நாம கோவப்படுறோம், அரசு மாத்திரையை இலவசமா வச்சிருக்கு. இங்க மாத்திரையே கரண்ட்தான். அதுக்கு எந்தக் கவுன்ட்டர்ல சீட்டு காட்டுறது?

இப்ப சோலாருக்கு வர்றேன். தமிழ்நாட்டுல 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். அதாவது ஒரு ஆளோட ஆக்சிஜனுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட். மொட்டை மாடியில நூறு சதுர அடி இடம். அவ்வளவுதான் விஷயம். "ஏழைக்கு எதுக்கு சோலார்"னு கேட்டவங்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

"அதுக்குத்தான் மத்திய அரசு மானியம் கொடுக்குதே." கொடுக்குது. 2024 பிப்ரவரியில பிஎம் சூர்ய கர் திட்டம் வந்துச்சு. 75,021 கோடி ரூபா, ஒரு கோடி வீடுகள். 1 கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000. ரொம்ப நல்ல திட்டம், எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு டாக்டருங்க போட்டிருக்காங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். போட்டவங்க யாருன்னு பாருங்க.

அந்த மானியம் வாங்க என்ன வேணும்? சொந்த வீடு வேணும். பேனல் தாங்குற கூரை வேணும். உங்க பேர்ல கரண்ட் கனெக்‌ஷன் வேணும். அதுக்கப்புறம் வேலையை முடிச்சு, செக் பண்ணி, மீட்டர் மாத்தின பிறகுதான் மானியம் பேங்க் கணக்குக்கு வரும். அதுவரைக்கும் லட்சக் கணக்குல நீங்க புரட்டணும், இல்ல லோன் போடணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வாடகை வீட்டுல இருக்கிற குடும்பம் இதுல எந்தப் படியில ஏறும்? ஏறவே முடியாதுன்னு சொல்லல, முதல் படியே இன்னொருத்தர் வீட்டு மாடியில இருக்குன்னு சொல்றேன்.

இன்னொரு வேடிக்கை. மாசம் ஐயாயிரம் பில்லு கட்டுறவருக்கு சோலார் போட்டா நாலஞ்சு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். சொந்த மீட்டர் வச்சிருக்கிற ஏழைக்கு, ஏற்கெனவே பில்லு ரொம்பக் கம்மி, அதனால அவருக்கு மிச்சமே ஆகாது. ஆக, திட்டத்தோட கணக்குலயே அதிகமா ஓட்டுறவருக்குத்தான் அதிக லாபம். இந்த 78,000-ஐ யாராவது "இலவசம்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எங்க டாக்டர்ஸ் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல அதுக்குப் பேரு "இன்சென்டிவ்". ரேஷன் கார்டு வச்சிருக்கிறவர் வாங்கினா மட்டும் ஓசி.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒண்ணு. மானியத்துல போடுற சோலார்ல பெரும்பாலானது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட். கரண்ட் போனா உங்க சோலாரும் சேந்து நின்னுடும். வெயில் கொளுத்திட்டு இருந்தாலும் நிக்கும். ரிப்பேர் பாக்க கம்பத்துல ஏறுற லைன்மேனுக்கு உங்க வீட்டுக் கரண்ட் பாஞ்சு உயிர் போயிடக் கூடாதுன்னு அப்படித்தான் வடிவமைச்சிருக்காங்க, சரியான ஏற்பாடு. ஆனா கான்சென்ட்ரேட்டர்ல இருக்கிறவருக்கு, நெபுலைசர் தேவைப்படுற குழந்தைக்கு, கரண்ட் போற அந்த நாலு மணி நேரம்தான் ஆபத்தே. ஒன்றரை யூனிட் சேமிச்சு வைக்கிற ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் இருந்தா, அந்த நாலு மணி நேரத்தைத் தாண்டிடலாம். பில்லைக் குறைக்கிறதை மட்டும் குறிக்கோளா வச்சு போட்ட திட்டத்துல பேட்டரிக்கு இடம் இருக்காது. நோயாளியை வச்சு யோசிச்சா முதல்ல எழுதுறதே பேட்டரியாத்தான் இருக்கும்.

இப்படி ஆளை வச்சு யோசிக்கிற நிறுவனம் ஏதாவது இருக்கான்னு கேட்டா, இருக்கு. ரொம்ப தூரம் போக வேண்டாம், பக்கத்துல பெங்களூர்.

செல்கோ. 1995-ல ஹரிஷ் ஹண்டேவும் நெவில் வில்லியம்ஸும் ஆரம்பிச்சாங்க. ஹண்டே ஐஐடி கரக்பூர்ல படிச்சவரு, அமெரிக்காவுல பிஎச்டி. 2011-ல மகசேசே விருது வாங்கினவரு. விக்கிற வேலைக்கு ஒரு கம்பெனி, அது எட்ட முடியாத ஆளுங்களுக்காக 2010-ல இருந்து லாப நோக்கமில்லாத செல்கோ ஃபவுண்டேஷன். அவங்க ஆரம்பத்துல இருந்தே உடைக்கப் பாத்தது மூணு கட்டுக்கதை: ஏழைங்களால காசு கொடுக்க முடியாது, ஏழைங்களால பராமரிக்க முடியாது, ஏழைங்களுக்கு விக்கிற தொழில் நிலைக்காது. நம்ம டைம்லைன்ல ரெண்டு நாளா ஓடுறதும் கிட்டத்தட்ட இதே மூணுதான், முப்பது வருஷம் லேட்டா.

ஹண்டே பல மேடையில சொல்ற ஒரு விஷயம் உண்டு. தெருவுல கடை போடுற ஒரு அம்மா அவர்கிட்ட சொன்னாங்களாம், மாசம் 300 ரூபான்னா என்னால முடியாது, ஆனா ஒரு நாளைக்கு பத்து ரூபான்னா கொடுத்துடுவேன்னு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு நமக்குத் தோணும், நமக்குச் சம்பளம் மாசம் ஒண்ணாந்தேதி வருது. தினக்கூலிக்கு சம்பளம் சாயங்காலம் வருது, தவணையும் சாயங்காலம் வந்தாத்தான் கட்ட முடியும். இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு, கிராம வங்கிகள், கூட்டுறவு சங்கங்கள்கிட்ட போய் உக்காந்து, ஆளோட வருமானத்துக்கு ஏத்த மாதிரி தவணை வாங்கிக் கொடுத்தாங்க. சிலருக்கு பேனலே விக்கல. ஒருத்தர் சார்ஜ் பண்ணி வச்சிருப்பாரு, தள்ளுவண்டிக் கடைக்காரங்க சாயங்காலம் விளக்கை வாடகைக்கு எடுத்துட்டுப் போயி ராத்திரி காசோட திருப்பித் தருவாங்க.

பள்ளிக்கூடத்துலயும் இதே மூளைதான் வேலை செஞ்சிருக்கு. பேனல் ஸ்கூல் கூரையில. பேட்டரி பிள்ளைங்க கையில. காலையில கொண்டு வந்து சார்ஜ் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அந்த வெளிச்சத்துல படிக்கணும். ஸ்கூலுக்கு வரலைன்னா அன்னிக்கு வீட்டுல விளக்கு இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது, சத்துணவு ஞாபகம் வந்துச்சு.

அப்புறம் அவங்க செஞ்சது, விளக்கோட நிக்காம தொழிலுக்குப் போனது. தையல் மெஷின், கொல்லன் பட்டறைக்குக் காத்தடிக்கிற ப்ளோயர், ரொட்டி தேய்க்கிற மெஷின், பால் கறக்கிற மெஷின். ஒவ்வொண்ணும் அந்த ஆளு என்ன வேலை பாக்குறாருன்னு பாத்து, எத்தனை மணி நேரம் ஓடணும்னு கேட்டுட்டுத்தான் எத்தனை வாட்ஸ்னு முடிவு பண்ணுறாங்க. நாங்க இதை "ஹிஸ்டரி எடுக்கிறது"ன்னு சொல்லுவோம். நோயாளியைப் பாக்காம மருந்து எழுதுறவனை டாக்டர்னு சொல்லுவீங்களா? கூரையை மட்டும் பாத்து பேனல் போடுறதும் அதே கதைதான்.

இதுக்கு நேர் எதிரான சோலாரையும் பாத்திருக்கேன். மெடிக்கல் கேம்ப் போன ஒரு மலைக் கிராமத்துல வீட்டுக்கு ஒரு பேனல் இருந்துச்சு. பேர் வேண்டாம், ஏதோ ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் காசு, பேனல் மேல லோகோ மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. ஒண்ணும் எரியல. லெட்-ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும்னு யாரும் சொல்லித் தரல, சொல்லித் தந்திருந்தாலும் பக்கத்துல கடை இல்ல. ஒரு வீட்டுல பேனலைக் கழட்டி அதுமேல மிளகு காய வச்சிருந்தாங்க. அதை போட்டோ எடுத்து "இவங்களுக்கு எல்லாம் கொடுத்தா இப்படித்தான்"னு போடுறவங்க இருக்காங்க. என் கண்ணுக்கு அந்த வீட்டுக்காரம்மா புத்திசாலியாத்தான் தெரிஞ்சாங்க. ஃபோன் பண்ணினா வர்றதுக்கு ஆள் இல்லாத பேனல் வேற எதுக்கு உதவும்?

அதனால என்ஜிஓன்னு பேர் இருந்தா எல்லாரையும் ஆதரிக்கணும்னு நான் சொல்லல. அஞ்சு வருஷம் கழிச்சு பேட்டரி செத்தா யாரு வருவான்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாதவங்க வெறும் திறப்பு விழாவுக்கு வந்தவங்க.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதுசும் இல்ல. 2011-ல முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்துச்சு. 300 சதுர அடி வீடு, அஞ்சு வருஷத்துல மூணு லட்சம் வீடு கட்டுறதா இலக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் அஞ்சு சோலார் விளக்கு, படுக்கையறை, கூடம், சமையலறை, கழிவறை, வராந்தான்னு. கழிவறைக்கும் வராந்தாவுக்கும் விளக்குன்னு எழுதின அந்த அதிகாரி யாரோ தெரியாது, கும்பிடுறேன். ராத்திரி இருட்டுல வெளிய போற பொம்பளைங்களை மனசுல வச்சு எழுதின வரி அது. பதிமூணு வருஷம் கழிச்சு வந்த மத்திய திட்டத்துல கிலோவாட் இருக்கு, யூனிட் இருக்கு, மானியம் இருக்கு, வராந்தா இல்ல. இப்ப கட்டுற கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, கான்கிரீட் கூரை வருது. அந்தக் கூரையில நூறு சதுர அடியை இப்பவே யோசிச்சு வச்சா என்ன?

வெளிச்சத்தை விட எனக்கு இன்னும் முக்கியமாப் படுறது ஃபேன். சிரிக்காதீங்க. ஏப்ரல், மே வந்தா எங்க கேஷுவாலிட்டிக்கு வர்ற ஒரு கேஸ் சொல்றேன். காலையில வயித்து வலின்னு கூட்டிட்டு வருவாங்க. கண் இமை பாதி மூடியிருக்கும். "தூக்கக் கலக்கம் சார்"னு கூட வந்தவர் சொல்லுவாரு. கடிச்ச தடம் தேடினா கிடைக்காது. ராத்திரி எங்க படுத்தீங்கன்னு கேட்டா, "உள்ள வேக்காடு தாங்கல, வாசல்ல பாயைப் போட்டுப் படுத்தேன்"பாங்க. கட்டுவிரியன். அது கடிச்சா வலியே பெருசா இருக்காது, வீக்கமும் இருக்காது, நரம்பும் தசையும் சேர்ற இடத்துல விஷம் வேலை செஞ்சு மெதுவா மூச்சுத் தசை வரைக்கும் வந்துடும். வென்டிலேட்டர் தேவைப்படும். இந்தியாவுல 2000-ல இருந்து 2019 வரைக்கும் வருஷத்துக்குச் சராசரியா 58,000 பேர் பாம்புக் கடியில செத்தாங்கன்னு ஒரு பெரிய ஆய்வு கணக்கு போட்டிருக்கு.

விஷமுறிவு மருந்தை நாங்க ஏத்துறோம். ஆனா அந்த ஆளு ஏன் வெறும் தரையில, வாசல்ல படுத்தாருன்னு யாரும் கேக்கறது இல்ல. தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ பகல் பூரா வாங்கின சூட்டை ராத்திரி வீட்டுக்குள்ள இறக்கும். கரண்ட் போயிடுச்சு, இல்ல யூனிட் ஏறும்னு ஃபேனை நிறுத்திட்டாங்க. சாதா சீலிங் ஃபேன் 75 வாட்ஸ். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் போதும். ஒரு 100 வாட்ஸ் பேனல், ஒரு சின்ன பேட்டரி இருந்தா, அந்த ஃபேனை ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் ஓட்டி, ரெண்டு எல்இடி பல்பும் போடலாம். கூரைக்கு வெள்ளை பூசினா இன்னும் ரெண்டு மூணு டிகிரி குறையும். இதுக்கு எவ்வளவு செலவுன்னும், ஒரு ஆளை ஒரு வாரம் வென்டிலேட்டர்ல வச்சுக் காப்பாத்த எவ்வளவு செலவுன்னும் சுகாதாரத் துறையும் எரிசக்தித் துறையும் ஒரே மேஜையில உக்காந்து கணக்கு பாத்தா நல்லா இருக்கும். உக்கார மாட்டாங்க, ரெண்டு துறைக்கும் பட்ஜெட் தலைப்பு வேற.

இப்ப வாடகை வீட்டுக்காரங்களுக்கு வருவோம். "கூரையே இல்லாதவனுக்கு எப்படிக் கொடுப்ப?" நியாயமான கேள்வி, பதிலும் இருக்கு. அமெரிக்காவுல கிரிட் ஆல்டர்னேட்டிவ்ஸ்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு, 2001-ல கலிஃபோர்னியா ஓக்லாண்ட்ல ரெண்டு இன்ஜினியருங்க ஆரம்பிச்சது. குறைந்த வருமான வீடுகளுக்குப் பேனல் போடுறது, அதே ஊர் ஆளுங்களுக்கு அந்த வேலையையே கத்துக் கொடுக்கிறதுன்னு போனாங்க. அந்த மாநிலத்துல ஏழைங்க வாடகைக்கு இருக்கிற அடுக்குமாடிகளுக்குன்னு தனியா ஒரு சோலார் திட்டமே இருக்கு, அதை நடத்துற அமைப்புகள்ல இவங்களும் ஒண்ணு. அதுல ஒரு விதி: மாடியில வர்ற மின்சாரத்தோட பலன்ல பாதிக்கு மேல, குறைஞ்சது 51 சதவீதம், குடியிருக்கிறவங்க பில்லுல கழியணும். கட்டட முதலாளி லிஃப்ட்டுக்கும் வராந்தா லைட்டுக்கும் மட்டும் எடுத்துக்கிட்டா செல்லாது. பேனல் ஒரு இடத்துல இருக்கும், யூனிட் பல பேர் மீட்டர்ல கழியும். வர்ச்சுவல் நெட் மீட்டரிங்னு பேரு.

"அது அமெரிக்கா"ன்னு தட்டி விடாதீங்க. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லயே இதுக்கு வழிகாட்டுதல் போட்டிருச்சு. பிஎம் சூர்ய கர் வழிகாட்டுதல்லயும் இந்த முறைக்கு இடம் இருக்கு. அப்ப பெரும்பாக்கம் மாதிரி எட்டு மாடி குடியிருப்பு ஒவ்வொண்ணுலயும் மேல கிடக்கிற மொட்டை மாடி யாரோடது? கீழ இருக்கிற எல்லாரோடதும்தானே. அந்த மாடியில விழுற வெயிலைக் கீழ இருக்கிற மீட்டர்ல கழிச்சுக் கொடுக்கணும், காகிதத்துல இல்ல, பில்லுல. ஆனா ஒண்ணு, மீட்டரே தன் பேர்ல இல்லாத காம்பவுண்டு குடித்தனக்காரருக்கு இதுவும் எட்டாது. அவருக்கு முதல்ல தனி மீட்டர் வேணும்.

"ஃபாரின் காசு" பத்தி ஒரே வரி. உங்க வீட்டு மாடியில இருக்கிற பேனலோட செல் எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு பாருங்க, அப்புறம் பேசுவோம்.

"சோத்துக்கு வழி பண்ணுங்க" என்பவங்களுக்கு: தையல் மெஷின் சோறு இல்லையா? ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சத்தோட ஓடுற இட்லி கடை சோறு இல்லையா?

நான் கேக்கிறது பெரிய புரட்சி எல்லாம் இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல இருந்து வீடு வீடாப் போகுது. அந்தப் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டுல கான்சென்ட்ரேட்டர் இருக்கு, எந்த வீட்டுல இன்சுலினை மண்பானைத் தண்ணிக்குள்ள வைக்கிறாங்க, எந்த வீட்டுல ஃபேனே இல்லன்னு நம்ம எல்லாரையும் விட நல்லாத் தெரியும். அந்த ஃபார்ம்ல இன்னும் ரெண்டு கட்டம் சேருங்க: வீட்டுல கரண்ட்ல ஓடுற மருத்துவ சாதனம் இருக்கா, மீட்டர் யார் பேர்ல இருக்கு. அந்தப் பட்டியலை வச்சுக்கிட்டு, பேட்டரியோட கூடிய சின்ன சோலாரை முதல்ல அந்த வீடுகளுக்குக் கொடுங்க. மானியத்தை வேலை முடிஞ்ச பிறகு தராம முன்னாடியே கொடுங்க. மிச்சத்துக்கு கூட்டுறவு சங்கம் தினத்தவணை வாங்கட்டும். சர்வீஸுக்கு ஒன்றியத்துக்கு ரெண்டு ஐடிஐ முடிச்ச பிள்ளைங்களை வேலைக்கு எடுங்க. மேல் கிலோவாட்டுக்குப் போற மானியத்துல கொஞ்சம் வெட்டினாலே இதுக்கு ஆரம்பக் காசு கிடைக்கும். மூணு கிலோவாட் போடுற வசதி இருக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு 78,000 இல்லாமலே கட்டுப்படி ஆகும், கோவிச்சுக்காதீங்க.

டாக்டருங்களுக்குத் தனியா ஒண்ணு. அடுத்த தடவை வீட்டு ஆக்சிஜன் எழுதும்போது, சொந்த வீடா வாடகை வீடா, யூனிட் என்ன ரேட்டு, கரண்ட் எத்தனை மணி நேரம் போகும்னு கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியிலயே எழுதுங்க. ஒரு வரிதான். அந்த வரி எங்கயும் பதிவாகாத வரைக்கும், அந்த ஆயா ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும் மெஷின் போட்டதை யாரும் பதிவு பண்ண மாட்டாங்க. நாலு மாசம் கழிச்சு மறுபடி அட்மிட் ஆகும்போது நம்ம கேஸ் ஷீட்ல "பூர் கம்ப்ளையன்ஸ்"னு எழுதுவோம்.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க, உங்க ஊர் பேரு, சப் மீட்டர்ல யூனிட் என்ன ரேட் வாங்குறாங்கன்னு கீழ ரிப்ளைல போடுங்க. வீட்டுக்காரர் பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் வேண்டாம். ஊரும் ரேட்டும் போதும். தொகுத்து இதே த்ரெட்ல சேக்குறேன்.